வாட்டம்

லிவர்பூல் நகரத்தின் பாதாளச் சாக்கடைகளுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது என் வேலை. வேனின் பின்பக்கம் ஒரு கேபிள் டிரம், சக்கரம் வைத்த கேமரா, ஒரு திரை. மேன்ஹோல் மூடியைத் தூக்கியதும் முதலில் வாயு காட்டும் கருவியை இறக்குவோம். அது சத்தம் போடவில்லை என்றால் கேமரா இறங்கும். அப்புறம் நாள் முழுக்கத் திரைதான். எத்தனையாவது மீட்டரில் விரிசல், எங்கே மரவேர் நுழைந்திருக்கிறது, எங்கே செங்கல் இடுக்கில் கலவை உதிர்ந்திருக்கிறது என்று பதிவு செய்துகொண்டே போக வேண்டும். இடத்தைக் கடிகாரக் கணக்கில் சொல்வோம். மூன்று மணி என்றால் வலது சுவர், பன்னிரண்டு மணி என்றால் உச்சி.

வந்த புதிதில் வட்டக் குழாய்களையே பார்த்துப் பழகியிருந்தேன். ஒரு நாள் நகரத்தின் பழைய பகுதியில் கேமரா இறங்கியபோது திரையில் ஒரு முட்டை தெரிந்தது. கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்திய முட்டை, முழுக்கச் செங்கல். வரிசை வரிசையாக வளைந்து ஏறி உச்சியில் கூடியிருந்தது. அடியில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கூட இருந்த மூத்த ஊழியர், "விக்டோரியா காலத்தது, இன்னும் உழைக்கிறது" என்றார். அன்று மாலை வீட்டுக்குப் போன பிறகும் அந்த முட்டை கண்ணை விட்டுப் போகவில்லை.

ஏன் முட்டை? மழையில்லாத நாளில் சாக்கடையில் தண்ணீர் கொஞ்சம்தான் வரும். வட்டக் குழாயாக இருந்தால் அது பரவி, வேகம் குறைந்து, வண்டலை அங்கங்கே இறக்கிவிடும். முட்டையின் அடி குறுகல். அதே கொஞ்சம் தண்ணீர் அங்கே ஆழமாகத் திரண்டு, வேகம் பிடித்து, வண்டலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மழை கொட்டினால் மேலே அகலமான இடம் காத்திருக்கிறது. ஆனால் இவ்வளவும் நடக்க ஒன்று சரியாக இருக்க வேண்டும். குளியலறைக்குத் தரை போடும்போது நம் கொத்தனார்கள் கேட்பார்களே, "வாட்டம் விட்டாச்சா?" என்று, அதுதான்: தண்ணீர் தானாக ஓடுவதற்கான சரிவு. வாட்டம் தப்பினால் எந்த வடிவமும் உதவாது.

இந்த நகரத்துக்கு வாட்டம் பார்த்தவர் ஜேம்ஸ் நியூலண்ட்ஸ். எடின்பரோவில் பிறந்தவர். 1847-ல் லிவர்பூல் நகரசபை அவரைத் தன் முதல் பொறியாளராக நியமித்தது. முந்தைய ஆண்டு லிவர்பூலுக்கென்று தனியாக நிறைவேறிய சுகாதாரச் சட்டம்தான் அந்தப் பதவிக்கு வழி செய்தது. நாடு முழுமைக்குமான பொதுச் சுகாதாரச் சட்டம் 1848-ல்தான் வந்தது. அவர் உடனே மண்வெட்டியைத் தூக்கவில்லை. முதலில் அளந்தார். சுமார் 3,000 அளவீடுகள் எடுத்து, ஓர் அங்குலத்துக்கு 20 அடி என்ற கணக்கில் நகரத்தின் ஏற்ற இறக்கங்களை வரைபடமாக்கினார். பதினாறு அடி முகப்புள்ள ஒரு சின்ன வீடு அந்தத் தாளில் முக்கால் அங்குலத்துக்கு மேலே வரும். அதாவது, தாளில் ஏழையின் வீடும் தெரியும். அதிலிருந்து கிட்டத்தட்ட 300 மைல் நீளத்துக்கு ஒரு சாக்கடைத் திட்டம் வகுத்து 1848 ஏப்ரலில் நகரசபை முன் வைத்தார். ஜூலையில் வேலை தொடங்கியது. பதினோரு ஆண்டுகளில் 86 மைல் கட்டி முடித்தார்கள். லண்டன் தன் பெரிய சாக்கடைத் திட்டத்தில் கை வைப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே இங்கே செங்கல் இறங்கிவிட்டது.

அளப்பதன் அருமை எனக்குத் தெரிந்தது நான் செய்த ஒரு தவறால். சேர்ந்த இரண்டாவது ஆண்டு, உடைந்த இணைப்பு ஒன்றைத் தோண்ட இடம் குறித்துக் கொடுத்தேன். கணினி வரைபடத்தில் கோடு நேராகப் போயிற்று, அதை நம்பி ரோட்டில் பெயின்ட் அடித்தேன். மறுநாள் ரோட்டை உடைத்துப் பார்த்தால் வெறும் மண். ஸ்கேன் செய்து வைத்திருந்த பழைய கைவரைபடத்தைத் திறந்து பார்த்தோம். அதில் குழாய் அந்த இடத்துக்குச் சற்று முன்பே ஒரு மூலை திரும்பியது. பக்கத்தில் கையால் எழுதிய மட்ட அளவு, அடிக் கணக்கில். அரை நாள் வேலை வீண், தெருக்காரர்களுக்கும் தொல்லை. அன்றிலிருந்து பழைய தாளைப் பார்க்காமல், நானே லெவல் எடுக்காமல் பெயின்ட் டப்பாவைத் தொடுவதில்லை.

நியூலண்ட்ஸை இவ்வளவு அவசரமாகத் தேட வைத்த நகரத்தை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. 1840-களின் தொடக்கத்தில் சுமார் 55,000 பேர், ஒரு குறுகிய சந்து வழியாக நுழைந்தால் எதிரெதிரே வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் மூடிய முற்றங்களில் வாழ்ந்தார்கள். ஒரு முற்றத்துக்கே ஒன்றிரண்டு பொதுக் கக்கூஸ், பக்கத்தில் சாம்பலும் குப்பையும் கொட்டும் குழி. இன்னும் 20,000 பேர் வீடுகளுக்கு அடியில் நிலவறைகளில். சுகாதாரச் சீர்திருத்தத்துக்குப் போராடிய எட்வின் சாட்விக்கின் 1842 அறிக்கை லிவர்பூலில் இறந்தவர்களின் சராசரி வயதைக் கணக்கிட்டது. வசதியானவர்களுக்கு 35, வியாபாரிகளுக்கு 22, கூலித் தொழிலாளிகளுக்கு 15. எல்லோரும் பதினைந்தில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. பச்சைக் குழந்தைகள் அத்தனை பேர் போனதால்தான் சராசரி அவ்வளவு கீழே இறங்கியது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் நான். அந்த 15 என்ற எண்ணை என்னால் வெறும் எண்ணாகப் படிக்க முடியவில்லை.

ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன் இதை 1843-லேயே எடுத்துப் பேசினார். அவரை 1847 ஜனவரியில் நகரத்தின் சுகாதார அதிகாரியாக நியமித்தார்கள். இங்கிலாந்தில் அந்தப் பதவி வகித்த முதல் ஆள் அவர்தான். சம்பளம் 300 பவுண்டு, சொந்த மருத்துவமும் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரே ஆண்டில் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து சுமார் மூன்று லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். டைஃபஸ் காய்ச்சல் பரவியது. நோயாளிகளைக் கவனித்த பத்துக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் அந்தக் காய்ச்சலிலேயே இறந்தார்கள். இது பகுதி நேர வேலை இல்லை என்று நகரசபைக்குப் புரிந்தது. 1848-ல் டங்கனை முழுநேர அதிகாரியாக்கி 750 பவுண்டு கொடுத்தார்கள். சீர்திருத்தம் என்றால் நாம் மேடைப் பேச்சைத்தான் நினைக்கிறோம். எனக்கு இந்தச் சம்பளக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது. இந்த ஊரின் சாவுக்குப் பதில் சொல்ல ஓர் ஆளை, முழுநேரமாக, வரிப்பணத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு நகரம் அன்று முடிவு செய்தது.

டங்கன் நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்று நம்பியவர். கிருமி பற்றி அப்போது தெரியாது. 1849-ல் வந்த காலரா 5,000 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. டங்கன் நம்பிய காரணம் தவறு, ஆனால் அழுக்கை வீட்டை விட்டு அப்புறப்படுத்தச் சொன்ன யோசனை சரி.

ஒரு விஷயத்தை மட்டும் என்னால் சுலபமாகக் கடந்து போக முடியவில்லை. நிலவறைகளைக் காலி செய்ய நகரசபைக்கு அதிகாரம் இருந்தது, அதைப் பயன்படுத்தியது. வெளியே தள்ளப்பட்டவர்கள் ஏற்கெனவே நிரம்பி வழிந்த முற்றங்களுக்குள் நெருக்கிக்கொண்டு போனார்கள், பலர் மறுபடி நிலவறைக்கே திரும்பினார்கள். அவர்களுக்கென்று நகரசபை வீடு கட்டவில்லை. செயின்ட் மார்ட்டின்ஸ் காட்டேஜஸ் என்ற அடுக்கு வீடுகளை அது கட்டியது 1869-ல்தான். இங்கிலாந்தில் ஒரு நகரசபை கட்டிய முதல் குடியிருப்புகளில் ஒன்று அது. 1847-க்கும் 1869-க்கும் நடுவில் இருபத்திரண்டு ஆண்டுகள். ஒரு நிலவறைக் குழந்தை அதற்குள் வளர்ந்து, கல்யாணம் முடித்து, தன் குழந்தைகளையும் அதே மாதிரி ஓர் இடத்தில் பெற்றிருக்கும்.

நகரசபை இறங்குவதற்கு முன்பே ஒரு சமையலறை இந்த வேலையைத் தொடங்கியிருந்தது. அயர்லாந்திலிருந்து வந்த கிட்டி வில்கின்சன், 1832 காலராவின்போது தன் வீட்டுக் கொப்பரையில் அக்கம்பக்கத்தார் துணிகளை வெந்நீரில் துவைத்துக்கொள்ள விட்டார். வாரத்துக்கு ஒரு பென்னி. அதைப் பார்த்துத்தான் 1842-ல் ஃபிரெடரிக் தெருவில் பொதுக் குளியல், சலவைக்கூடத்தை நகரசபை திறந்தது. 1846-ல் கிட்டியையும் அவர் கணவரையும் அங்கே பொறுப்பாளர்களாக வைத்தது. செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் வரிசையாக நிற்கும் ஆண் சிலைகளுக்கு நடுவே 2012-ல் அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள். வேலை முடிந்து அந்தப் பக்கம் போகும்போது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

நியூலண்ட்ஸின் சாக்கடைகள் எல்லாவற்றையும் மெர்சி ஆற்றில்தான் கொண்டுபோய்க் கொட்டின. சாண்டன் துறைமுகத்தில் சுத்திகரிப்பு நிலையம் 1991-ல்தான் திறந்தது. அவர் விட்ட மீதி வேலையை முடிக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

போன மாதம் ஒரு முட்டைச் சாக்கடையில் நூற்றிருபது மீட்டர் உள்ளே கேமரா இருந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. திரையில் தண்ணீர் அடிக்குறுகலிலிருந்து மெல்ல மேலே ஏறியது. கடிகாரக் கணக்கில் ஏழு மணி, எட்டு மணி. கேமராவை இழுக்கச் சொன்னார்கள். இழுக்க இழுக்க லென்ஸுக்கு முன்னால் சருகும் ஒரு சிவப்புப் பாட்டில் மூடியும் வேகமாக ஆற்றுப்பக்கம் ஓடின. ஒன்றும் எங்கேயும் தங்கவில்லை.