திங்கட்கிழமை போன்

யூட்டாவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் திங்கட்கிழமை வந்தால் இருப்புக் கொள்ளாது. மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மதப் பிரசார ஊழியத்துக்காக மான்செஸ்டர் போயிருக்கும் மகன் வீடியோவில் கூப்பிடும் நாள். பையன்களுக்கு ஊழியம் 2 வருடம். துணி துவைக்க, மளிகை வாங்க, முடி வெட்ட எல்லாம் வாரத்தில் அந்த ஒரு நாள்தான். மற்ற நாள்களில் வெள்ளைச் சட்டை, டை, ‘எல்டர்’ என்ற ஊழியப் பட்டத்தோடு பெயர்ப்பட்டை, தெருத்தெருவாக நடை. சபை ஒதுக்கிய கூட்டாளி எந்நேரமும் கூடவே இருப்பான் (எனக்கென்றால் பைத்தியம் பிடித்துவிடும்).

2019 வரை வீட்டோடு பேச்சு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தானாம். பெற்றவர்கள் எப்படித்தான் தாங்கினார்களோ!

இந்த வாரம் அங்கே நல்ல மழை. கதவைத் திறந்தது ஒரே ஒரு பாட்டி. ஆசையாக டீ போட்டு நீட்டினாராம். மார்மன்களுக்கு டீ, காபி கூடாதே! பையன் அசடு வழிந்து, வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தானாம்.