வாவிக்கு அக்கரையிலும் அழைப்பு உண்டு

ஆண்டவர் ஒருவரை ஊழியத்துக்கு அழைத்தால் அவரைத் தூரதேசத்துக்கே அனுப்புவார் என்ற எண்ணம் நம் சபைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கடல் கடந்து போக வழியற்றவர்கள் தமக்கு அழைப்பே இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவதற்கு அந்த எண்ணமே இடங்கொடுக்கிறது என்று நான் கருதுகிறேன்.

மட்டக்களப்பில் வளர்ந்த எங்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. 1813ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மெதடிஸ்த மிஷனரிகளுள் ஒருவரான வில்லியம் ஓல்ட், பயணத்திலேயே தம் மனைவியை இழந்தார். குழுவுக்குத் தலைமை தாங்கிய தோமஸ் கோக்கும் 1814 மே 3ஆம் திகதி நடுக்கடலில் மரித்தார். இவ்வளவு இழப்புக்குப் பின்னும் ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்து, தமிழ் கற்று, பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, ஓராண்டு நிறைவதற்கு முன்பே, 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இங்கேயே உயிர் துறந்தார். புளியந்தீவின் மெதடிஸ்த மத்திய கல்லூரி அவருடைய பணியிலிருந்து வளர்ந்ததாகும். அவரை நாம் நன்றியோடு நினைப்பது சரியே. ஆனால் அவர் கடந்த தூரத்தையே வியந்துகொண்டிருந்தால், பலனைக் காண்போமா என்று அறியாமலே அவர் கீழ்ப்படிந்தார் என்பதைக் காணத் தவறிவிடுவோம்.

அழைப்பைப் பற்றி எண்ணும்போதெல்லாம், சொந்த தேசத்தை விட்டுப் புறப்பட அழைக்கப்பட்ட ஆபிரகாமைவிட அனனியாவே என் மனதில் நிற்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் வரும் இந்தச் சீஷர் தமஸ்குவிலேயே வாழ்ந்தவர். ஆண்டவர் அவரை அனுப்பியதும் அதே நகரத்திலுள்ள ஒரு தெருவுக்கே. ஆனால் அந்தத் தெருவிலுள்ள வீட்டில் இருந்தவர், பின்னர் பவுல் என்று அறியப்பட்ட சவுல்; விசுவாசிகளைக் கட்டிக்கொண்டுபோகப் பிரதான ஆசாரியர்களிடம் அதிகாரம் பெற்று வந்தவர். அனனியா உடனே புறப்படவில்லை. அந்த மனிதர் எருசலேமில் செய்த தீங்குகளைப் பற்றித் தாம் கேள்விப்பட்டதை ஆண்டவரிடமே எடுத்துச் சொன்னார். ஆண்டவர் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடியும் ‘நீ போ’ என்றார். அனனியா போய், சவுலின்மேல் கைகளை வைத்து, அவரைச் சகோதரன் என்று அழைத்தார். அதன்பின் பவுல் தம் சாட்சியில் நினைவுகூரும் இடத்தைத் தவிர, வேதம் இவரைப் பற்றி வேறெதுவும் சொல்வதில்லை. சில தெருக்களைக் கடந்து செல்லும் பயணம் சமுத்திரத்தைக் கடப்பதைவிடக் கடினமாக இருக்கக்கூடும் என்பதை அவரிடமிருந்தே நான் கற்றுக்கொண்டேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் ஆராதிக்க வந்தவர்களும் சிறு பிள்ளைகளும் கொல்லப்பட்ட பின்னர், இந்த அதிகாரத்தை முன்போல வாசிக்க என்னால் முடியவில்லை. பிள்ளைகளை இழந்த பெற்றோரிடம் மன்னிப்பைப் பற்றிப் போதிக்க எனக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆனால் அந்தக் கொலைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் அயலவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவும் அஞ்சியிருந்த நாட்களில், அவர்கள் கதவைத் தட்டி நலம் விசாரிப்பது நம்மைப் போன்றவர்களுக்கு வந்த அழைப்பாகவே இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையும், அருகில் இருந்தும் போகத் தயங்கும் அப்படிப்பட்ட இடமே எங்களுக்கு. வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைக்கும் படகுப் பாதைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் நகரச் சபைகளில் இருக்கும் எங்களில் பலருக்கு அந்தக் கிராமங்கள் இன்னும் தூரமாகவே இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க நான் அங்கே போகத் தொடங்கியபோது, சைவ வீடொன்றின் மூதாட்டி என் மதத்தைப் பற்றி எதுவும் கேளாமல், “இரு மனே, தேத்தண்ணி குடிச்சிற்றுப் போ” என்றார். கொடுக்கப் போனவன் என்ற எண்ணத்தோடு சென்ற எனக்கு, பெற்றுக்கொள்வதும் கீழ்ப்படிதலின் பகுதி என்று அங்கேதான் விளங்கியது. உதவியைக் காட்டி ஒருவரை மதம் மாறச் செய்வதை நான் ஊழியமாகக் கருதுவதில்லை. அந்தப் பிள்ளை கணக்கைப் புரிந்துகொள்வதே அந்த மாலைக்குரிய வேலை.

கடினமாக இருப்பதெல்லாம் தேவ அழைப்பு என்று எண்ணுவதும் ஆபத்தானது. வீட்டாரின் கண்ணீரைப் பொருட்படுத்தாமல் வேலையை விட்டுவிட்டு, அதை விசுவாசம் என்று சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஜெபத்தோடும் வேதத்தோடும் மட்டும் நில்லாமல், நம்மை நன்கறிந்த மூத்த விசுவாசிகளிடமும், நாம் போக நினைக்கும் இடத்து மக்களிடமும் கேட்டறிய வேண்டும்; அவர்களுக்கு உண்மையில் தேவையானது நாம் கொண்டுபோக விரும்புவதாக இல்லாமலும் இருக்கலாம். நான் போகும் கிராமத்தில் இப்போது பெற்றோர் கேட்பது ஆங்கிலம் கற்பிக்க ஒருவரையே. சனிக்கிழமை மாலைகளில் வரக்கூடியவர்கள் தங்கள் சபைப் போதகரிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.