‘ங்க’ காணாமல் போகும்போது

எங்கள் பிரிவில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு ட்ரெட்மில், ஒரு சைக்கிள், கொஞ்சம் டம்பெல், வெளியே 30 மீட்டர் வராந்தா. வராந்தாவின் இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு வைத்து, 6 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்போம். டிபன் கேரியரோடு குறுக்கே வருகிறவர்களை ஒதுங்கச் சொல்வதும் என் வேலைதான். கோவையில், இதய சிகிச்சை முடிந்தவர்களுக்கு உடற்பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்தார். வயது 54, மில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். விடிகாலை 5 மணிக்கு ஷட்டில் கோர்ட்டில் நிற்கிற ஆள். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து, அங்கே ஒரு ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வைத்திருந்தார்கள். “கையில ஒரு ஓட்டை போட்டாங்க, அவ்வளவுதானுங்க. ஆடுறது காலுதான அம்மிணி?” என்றார். ஸ்டென்ட் வைத்தவர்களிடம் இதுதான் சிக்கல். தழும்பே தெரியாது, நாலு நாளில் பழைய ஆளாகிவிட்டதாக நினைப்பார்கள்.

அன்று கூட்டம். 220இல் வயதைக் கழித்து, அதில் 70 சதவீதம் போட்டு, ‘நாடி 116 வரை போகலாம்’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மருந்துச் சீட்டைப் பார்க்கவில்லை. அவர் மெட்டோப்ரோலால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வகை மாத்திரை இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அது சாப்பிடுகிறவருக்கு வயதை வைத்துப் போடும் இந்தக் கணக்கு உதவாது. பாடத்தில் படித்ததுதான்.

அவர் அபார்ட்மென்ட் ஜிம்மில் ட்ரெட்மில் ஏறியிருக்கிறார். கையில் கட்டிய வாட்ச் 98 காட்டியிருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் 101. இன்னும் கூட்டி, ஓடி, முடியாமல் சட்டென்று நிறுத்தியிருக்கிறார். அப்படி நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், பிரஷர் இறங்கும். தலை சுற்றி, வாட்ச்மேன் பிடித்து உட்கார வைத்தாராம். நல்லவேளை, அதோடு போயிற்று.

மறுநாள் அட்டையை மேசைமேல் வைத்தார். “நீங்க எழுதின நம்பருக்கு வரவே மாட்டேங்குதுங்க அம்மிணி. என் ஹார்ட்டுதான் சரியில்லைங்களா?”

தப்பு என்னுடையது என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையில் இருந்த 116ஐ அடித்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக போர்க் அளவுகோல் இருக்கிறது. 6 முதல் 20 வரை. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதற்கு அவரே மார்க் போட வேண்டும், 11 முதல் 13க்குள் இருந்தால் சரி. ஆனால் நம் ஊர்க்காரர்களிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: “பரவாயில்லைங்க.” மூச்சு வாங்கும்போதும் பரவாயில்லைதான். அதனால் நான் பேச்சுக் கொடுப்பேன். கடை எப்படிப் போகிறது, பெண்ணுக்கு வரன் அமைந்ததா? பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும், அதுதான் பதம். கொங்குத் தமிழில் எனக்கொரு வசதியும் உண்டு. மூச்சு போதாதபோது முதலில் உதிர்வது வாக்கியக் கடைசியில் வரும் ‘ங்க’தான். அது காணாமல் போனால் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

பைபாஸ் ஆனவர்கள் கதை நேர்மாறு. ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர் ஒருவர், ஆபரேஷன் முடிந்து 6 மாதம் கழித்தும் நெஞ்சில் தலையணையை அணைத்தபடி வந்தார். இருமும்போது பிடித்துக்கொள்ளக் கொடுத்த தலையணை அது! ஆபரேஷனில் அறுத்த மார்பெலும்பு ஒன்றுசேர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதுவரை கனம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்றெல்லாம் சொல்வோம். அதற்குப் பிறகு தூக்கலாம் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. “ஆபரேஷன் பண்ண உடம்பு” என்று மகன் மாடிப்படிகூட ஏற விடவில்லையாம். அவர் கையில் ஒரு த்ரோபால் பந்தைக் கொடுத்தேன். தலையணையை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

இளவட்டங்கள் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனைக் காட்டிக் கேட்பார்கள். 2021 ஜூனில் மைதானத்தில் சுருண்டு விழுந்தவர், 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு அணிக்கு ஆட வந்துவிட்டாரே என்று. அவருக்கு நின்றது துடிப்பு, பொருத்தியது துடிப்பைச் சீராக்கும் கருவி. அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர் அவரோடு தன்னை ஒப்பிட்டு என்ன பயன்?

ஷட்டில்காரருக்கு மூன்றாம் மாதம் டி.எம்.டி. (ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு இ.சி.ஜி. பார்க்கும் சோதனை) எடுத்தார்கள், டாக்டர் சரி என்றார். முதலில் மெதுவாகத் தூக்கி அடிக்கும் வெறும் டாஸ், அப்புறம் டபுள்ஸ், ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் கிடையாது. ஆடும் முன் 10 நிமிடம் வார்ம்-அப், முடித்தபின் 10 நிமிடம் நடை. நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் எழுதிய மாத்திரை ராக்கெட் பையில் இருக்க வேண்டும்.

ஒரு காலை ஆறரைக்கு போன். பின்னால் பந்து அடிபடும் சத்தம்.

“அம்மிணி, ரெண்டு கேம்... முடிச்சுட்டேன்.”

‘ங்க’ இல்லை.

“நெஞ்சுல ஏதாவது பண்ணுதுங்களா?”

“ஒண்ணும்... இல்ல. உட்கார்ந்துட்டு... பேசறேன்.”

“உட்காராதீங்க. கோர்ட்டைச் சுத்தி மெதுவா நடந்துட்டே பேசுங்க” என்றேன். நடந்தார். மூன்றாவது சுற்றில், பெண்ணுக்கு வரன் பார்க்கப் பொள்ளாச்சி போகிறோமுங்க என்றார்.