மிஸ் பார்ப்பாங்கல்ல?

போன மாதம் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். நான்காம் வகுப்பு. மேலே 'என்னைப் பற்றி நான்' என்று தலைப்பு, கீழே பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள். நான் கோபத்தைக் கட்டுப்படுத்துகிறேன், என் பொருட்களைப் பகிர்ந்துகொள்கிறேன், தெரியாததைத் தயங்காமல் கேட்கிறேன், இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று முகங்கள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், உம்மென்று இருக்கிற முகம். பிள்ளை யோசித்து ஒன்றுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். இவள் வாக்கியங்களைப் படிக்கவே இல்லை, மஞ்சள் ஸ்கெட்சை எடுத்து மேலிருந்து கீழ்வரை சிரிக்கிற முகங்களாகத் தீட்டிக்கொண்டே போனாள். அன்று காலையில்தான் ரிப்பன் கிடைக்கவில்லை என்று சீப்பைத் தூக்கிச் சுவரில் அடித்திருந்தாள்.

"நீ கோபத்தைக் கட்டுப்படுத்துறியா?" என்று கேட்டேன்.

"அது வீட்லப்பா. இதை மிஸ் பார்ப்பாங்கல்ல?"

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அவ்வளவு சிரிப்பாக இல்லை. தன்னை அறிந்துகொள்வதற்கென்று கொடுத்த தாளை வைத்து அவள் சரியாக அறிந்து வைத்திருந்தது மிஸ்ஸைத்தான்.

பள்ளியைக் குறை சொல்ல வரவில்லை. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையிலேயே முன்னேற்ற அறிக்கையில் மாணவரின் சுயமதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு முன்பும், சிபிஎஸ்இ 2009இல் கொண்டுவந்து சில வருடங்களில் கைவிட்ட தொடர் மதிப்பீட்டு முறையில் வாழ்க்கைத் திறன்களுக்கு கிரேடு போட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் மேலிடத்துக்குப் போகிற தாளில் யார் உண்மையை எழுதுவார்கள்? வருடா வருடம் ஆபீஸில் அப்ரைசல் படிவத்தில் 'உங்கள் குறைகள்' என்ற கட்டத்தில் 'வேலையில் அளவுக்கு மீறி மூழ்கிவிடுகிறேன்' என்று கூசாமல் எழுதுகிறவன்தானே நானும்.

எங்கள் காலத்தில் இதற்கு நீதிபோதனை என்று வாரத்துக்கு ஒரு பீரியட் இருந்தது. டைம்டேபிளில் இருந்தது, அவ்வளவுதான், அந்த பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். பிறர் குற்றத்தைப் பார்ப்பதுபோலத் தன் குற்றத்தையும் பார்க்க முடிந்தால் உயிருக்குத் தீங்கு ஏது என்று கேட்கிற குறள் ஒன்று உண்டு, புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள். அதையும் நாங்கள் அடிபிறழாமல் எழுதி மார்க் வாங்கினோம். எழுதிவிட்டு வெளியே வந்து அடுத்தவன் எதில் கோட்டை விட்டான் என்று விசாரித்தோம்.

தன்னைத் தானே பார்க்கிற இந்த விஷயத்தை விடாமல் பேசிக்கொண்டே இருந்தவர் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1895இல் ஆந்திராவின் மதனப்பள்ளியில் பிறந்தவர், 1909இல் அப்பாவோடு சென்னை அடையாறில் பிரம்மஞான சபை என்ற ஆன்மிக அமைப்புக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்குப் போய்வந்தார். பாடம் ஏறாது, எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார், வாத்தியார் பிரம்பால் விளாசுவார். மந்தம் என்று முத்திரை குத்தப்பட்ட அந்தப் பையனைத்தான் உலக குரு என்று சபைக்காரர்கள் கொண்டாடினார்கள். அவரோ 1929இல் ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில் அவருக்காகவே உண்டாக்கிய அமைப்பைக் கலைத்துவிட்டுத் தன் வழியே போனார். மந்தம் என்றும் குரு என்றும் மற்றவர்கள் ஒட்டிய இரண்டு சீட்டுகளையும் கிழித்துப்போட்டவர் கல்வியைப் பற்றிப் பேசும்போது ஒப்பீட்டை ஏன் அவ்வளவு எதிர்த்தார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டால் அது தன்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த இன்னொருவனையே பார்க்க ஆரம்பித்துவிடும். பொறாமை வரும்போது அது பொறாமை என்று தெரியவேண்டும், அதைக் கெட்டது என்று மூடி வைத்தால் தெரியாது.

மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ரிஷி வேலி பள்ளியில் அஸ்தாசல் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சாயங்காலம் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பேசாமல் பார்ப்பார்கள். முடிந்ததும் யாரும் தாள் கொடுத்து முகம் தீட்டச் சொல்வதில்லை என்று நம்புகிறேன். அங்கேயும் பத்தாவதில் பொதுத்தேர்வு எழுதியாக வேண்டும், கட்டணமும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது, அது வேறு கதை. இங்கே ஒரே அறையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு சிலபஸை முடிக்க ஓடுகிற டீச்சரிடம் போய் சூரியனைப் பாருங்கள் என்றால் அடிக்க வருவார். தமிழக அரசு 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம் அறிவிப்பதை நிறுத்தியது, நல்ல காரியம், ஆனால் தெருமுனை ஃபிளெக்ஸில் தலைகள் குறைந்த மாதிரி தெரியவில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம் என்று ஒன்று முயற்சி செய்தேன். டெஸ்ட் முடிந்து வந்ததும், பேப்பர் திருத்தி வருவதற்கு முன்பு, எவ்வளவு வரும் என்று அவளே சொல்ல வேண்டும். பேப்பர் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் தடவை கணக்கில் இருபதுக்கு இருபது என்றாள், வந்தது பதினான்கு. கடன் வாங்கிக் கழிப்பதில் மூன்று இடத்தில் சறுக்கல். மூன்றாவது தடவை "பதினாறுப்பா, கடைசிக் கணக்கை அவசரமா போட்டேன்" என்றாள். பதினைந்து வந்தது. அந்த ஒரு மார்க் போனதைவிட, அவசரப்பட்டது அவளுக்கே தெரிந்திருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை, எவ்வளவு வந்தாலும் திட்டக்கூடாது.

அதை மீறியது நான்தான். ஆபீஸில் ஏதோ எரிச்சல், அன்றைக்குப் பார்த்து ஆங்கிலத்தில் பதினொன்று. "என்ன பண்ற கிளாஸ்ல?" என்று கத்திவிட்டேன். அதற்கடுத்த இரண்டு டெஸ்டுக்கும் எவ்வளவு வரும் என்று கேட்டால் "தெரியலப்பா" என்ற ஒரே பதில், முகத்தைக்கூடப் பார்க்காமல். ஸாரி சொன்னேன். கேட்டுக்கொண்டாள், ஆனால் நம்பின மாதிரி தெரியவில்லை.

நேற்று இவிஎஸ் டெஸ்ட். வழக்கம்போல ஷூவைக் கழற்றும்போதே கேட்டேன், எவ்வளவு வரும்னு தோணுது?

"திட்டுவியா மாட்டியான்னு மொதல்ல நீ சொல்லு."