காஃபுக்கு ஒரே ஒரு புள்ளி

லண்டனில் ஒரு ஏல நிறுவனத்தில் பழைய ஆயுதங்களுக்கு விவரக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ வீட்டுப் பரணிலிருந்து வந்த வாள் ஒன்றில் 'துருக்கி' என்று சீட்டு கட்டியிருந்தது. லேசான வளைவு, ஒரு பக்கம் மட்டும் கூர், அலகில் அரபி எழுத்து. அரபி எழுத்தைப் பார்த்தாலே துருக்கி என்று எழுதிவிடுகிற பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு, எனக்கு அது அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

பிடியைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. விரல்களைக் காக்கும் இரும்புக் கம்பி செங்கோணமாக மடங்கி மேலேறுகிறது, குறுக்குக் கம்பிகள் அலகு முனையைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கின்றன. இந்த வகை வாளைச் சேகரிப்பாளர்கள் நிம்சா என்பார்கள், மொராக்கோ மக்களுக்கு அது வெறும் சைஃப், அதாவது வாள். (பிடி காண்டாமிருகக் கொம்பாக இருந்தால் விற்பதிலேயே சட்டச் சிக்கல் வரும். சோதித்துப் பார்த்தோம், எருமைக் கொம்புதான்.)

ஆனால் இதே சாயலில் அல்ஜீரியாவிலும் பிடி செய்திருக்கிறார்கள், அதனால் எழுத்தைப் படித்தே ஆக வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்தேன், கடைசிச் சொல் 'ஃபரீப்' என்றே வந்தது, அதற்கு முந்தைய சொல் பிடிபடவே இல்லை. அப்புறம் சுவடி வேலையாக வந்திருந்த, மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். ஒரே மூச்சில் படித்தார்: "நஸ்ரும் மினல்லாஹி வஃபத்ஹுன் கரீப்." இறைவனின் உதவியும் அருகில் உள்ள வெற்றியும், குர்ஆனின் 61ஆம் அத்தியாயத்து வசனம். நான் படித்த அரபியில் ஃபா என்ற எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி, காஃப் என்ற எழுத்துக்கு மேலே இரண்டு. மொராக்கோ, அல்ஜீரியா பக்கத்து மக்ரிப் எழுத்தில் ஃபாவின் புள்ளி கீழே போய்விடும், காஃபுக்கு மேலே ஒன்றுதான், அதனால்தான் 'கரீப்' எனக்கு 'ஃபரீப்' ஆகியிருந்தது. இஸ்தான்புல்லில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். ஃபாவுக்குக் கீழே ஒன்று, காஃபுக்கு மேலே ஒன்று என்ற அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சரி, முடிந்தது என்று பார்த்தால், எண்ணெய்த் துணியால் துடைக்கும்போது எழுத்துக்குச் சற்று மேலே பித்தளைக் கோடுகளில் ஓடும் ஓநாய். ஜெர்மனியின் பாஸாவ் கொல்லர்களின் குறி அது, இன்னொரு ஜெர்மன் ஊரான சோலிங்கனின் கொல்லர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள், அதனால் ஓநாயை மட்டும் நம்பி ஊர் சொல்ல முடியாது.

ஏலப் பட்டியலின் பதிப்பாசிரியருக்கு ஒரே ஒரு நாடு வேண்டுமாம். ஒரு வாரம் வாதாடி அலகு ஜெர்மானியம், பிடி மொராக்கோ பாணி, எழுத்து மக்ரிப் என்று அச்சில் வரச் செய்தேன். எழுத்தை வெட்டியவர் ஓநாயின் மேல் ஒரு கீறல்கூடப் படாமல், அதன் காலடியில் ஒரு விரற்கடை இடம் விட்டுத்தான் தொடங்கியிருக்கிறார்.