கடல் சத்தம் கேட்டால் காதைப் பொத்தும் பிள்ளை

ஐப்பசி பிறந்தாலே சில பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கத் தொடங்கிவிடும். டாக்டரிடம் காட்டினால் வயிற்றில் ஒன்றுமில்லை என்பார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, ஓடு பறந்த வீட்டுக்குள் சுவரோடு ஒண்டிக் கிடந்த பிள்ளைக்குக் காற்றின் இரைச்சல் வெறும் இரைச்சல் இல்லை. புயல் போய்விட்டது என்று மனசுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. அதே ஓசை, அதே ஈர மண் வாசனை, அதே கரண்ட் போன இருட்டு வந்ததும் நெஞ்சு படபடக்கும், வயிறு இறுகும். பிள்ளை நடிக்கவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் செய்யும் தவறுகளில் எதிரெதிரான இரண்டு உண்டு. ஒன்று, நடந்ததைப் பற்றி வீட்டில் யாரும் வாயே திறக்காமல் இருப்பது. இன்னொன்று, வருகிற சொந்தக்காரர், அதிகாரி, டிவிக்காரர் எல்லோருக்கும் பிள்ளையை உட்காரவைத்து, "சொல்லு கண்ணு, அன்னிக்கி என்ன நடந்துச்சு?" என்று சொல்லவைப்பது. சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அதனால் நன்மை இல்லை, சிலருக்குக் கேடும் உண்டு என்று தெரிந்ததால் இன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. பிள்ளை தானாகப் பேசினால் கையில் உள்ள வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். பேசாவிட்டால் தோண்டாதீர்கள்.

முதல் சில வாரங்களுக்குப் பேச்சைவிட நேரஒழுங்கு பெரிது. எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, படுப்பது ஒவ்வொன்றும் தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். முகாமில் இருந்தாலும் இது முடியும். அடுத்தது என்ன என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பதே பாதுகாப்பு உணர்வின் முதல் படி. பள்ளியையும் அதனால்தான் சீக்கிரம் திறக்க வேண்டும். பாடம் நடக்க வேண்டும், முதல் இரண்டு வாரம் பரீட்சை வேண்டாம். தூக்கம் கெட்ட பிள்ளைக்குக் கவனம் நிற்காது, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சிறு வேலையாகக் கொடுத்தால் முடிக்கும். மதிப்பெண் குறைந்ததற்காகத் திட்டினால் பள்ளியும் பயப்படும் இடமாகிவிடும்.

இழப்பு நேர்ந்த வீட்டில் நாம் சொல்லும் அன்பான பொய்கள் பிறகு பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கும். "அப்பா வெளியூர் போயிருக்காரு" என்றால் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடும். "தூங்குறாங்க" என்றால் ராத்திரி தானும் தூங்க மாட்டாது. "சாமி கூப்பிட்டுக்கிட்டாரு" என்றால் சாமி அடுத்து அம்மாவைக் கூப்பிடுவாரோ என்று நடுங்கும். "அப்பா இறந்துட்டாரு. அவர் உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு. இனி வர மாட்டாரு. உன்ன நானும் சித்தியும் பாத்துப்போம்" என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. பிள்ளை கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி அதுதான். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் இதையே பல நாள் திரும்பத் திரும்பக் கேட்கும். அத்தனை முறையும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளை, "நான் சண்டை போட்டதாலதான் அப்பா செத்துட்டாரு" என்று உள்ளுக்குள் முடிவு கட்டியிருக்கும். அது உன் தப்பில்லை என்பதை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒருமுறை சொன்னால் போதாது.

துக்க வீட்டில் மூத்த பையன் தோளில் கைபோட்டு, "இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆம்பள, அழக் கூடாது" என்கிறோமே, அதை நிறுத்த வேண்டும். பன்னிரண்டு வயதுக்காரன் அதை அப்படியே நம்பிவிடுவான். அழுகையும் நிற்கும், படிப்பும் நிற்கும். அவனுக்கு வேலை கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்: தண்ணீர் லாரி வரும்போது வரிசை பார்ப்பது, அரிசி மூட்டைக் கணக்கு எழுதுவது போல, செய்து முடித்துவிட்டு விளையாடப் போகக்கூடிய வேலை. குடும்பத்தையே சுமக்கச் சொல்வது வேறு.

படுக்கையை நனைப்பது பயத்தின் மிகச் சாதாரண அடையாளம். நின்றுபோன பழக்கம் எட்டு வயதில் திரும்ப வரும். முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், படுக்கும் முன் கழிப்பறை, விரிப்புக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட், காலையில் சத்தமில்லாமல் துணி மாற்றுவது, இவ்வளவுதான். நனைந்த விரிப்பைத் தெருப்பக்கக் கொடியில் காயப்போடாதீர்கள்.

தூக்கத்துக்கு ஒரு சின்ன விளக்கும், அறைக்குள் ஒரு பெரியவரும் வேண்டும். மூன்று நான்கு இரவு பக்கத்தில் படுங்கள். பிறகு பாயை ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். இன்னும் மூன்று நான்கு இரவு போனபின் கதவோரம். ஒரே நாளில் தனி அறைக்கு அனுப்பினால் எல்லாம் பழைய இடத்துக்கே வரும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது கூடவே கூடாது.

மூச்சுப் பயிற்சியைப் பயம் வந்தபிறகு சொல்லிக்கொடுத்தால் ஏறாது. பிள்ளை அமைதியாக இருக்கும் நேரத்தில், நாளுக்கு இரண்டு தடவை: பூவை முகர்வதுபோல மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, அகல் விளக்கு அணைந்துவிடாமல் ஊதுவதுபோல ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது. ஐந்து சுற்று. விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் விஷயம். இரண்டு வாரம் பழகியபின்தான் இடிச் சத்தத்தின்போது கைகொடுக்கும்.

பாட்டி திருநீறு பூசுவதையும் வேப்பிலையால் தடவுவதையும் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பாட்டி மடியில் உட்கார்ந்து, தெரிந்த கை தலையைத் தடவுவது பிள்ளையை அமைதிப்படுத்தும் என்றால் தாராளமாகச் செய்யட்டும். இருட்டு அறையில் உடுக்கை அடித்து, "உள்ள இருக்கிறது யாரு?" என்று அதட்டினால் அது இன்னொரு அதிர்ச்சி.

விளையாட்டைக் கவனியுங்கள். மணலில் வீடு கட்டி, தண்ணீர் ஊற்றி அழித்து, மறுபடி கட்டும் பிள்ளை நடந்ததைக் கையால் செரித்துக்கொண்டிருக்கிறது, தடுக்க வேண்டாம். ஒரு மாதத்துக்குப் பிறகும் அதே கதை, அதே முடிவு, முகத்தில் அதே இறுக்கம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப ஒரு படகு வந்தா எந்தப் பக்கம் வரும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். படகை ஏற்பதும் தள்ளுவதும் அதன் விருப்பம்.

இனி கடலுக்கு வருவோம். மீனவக் குடும்பத்துப் பிள்ளை கடலைப் பார்க்க மறுத்தால், "பயம் தெளியட்டும்" என்று தூக்கிக்கொண்டுபோய் அலையில் இறக்கும் அப்பாக்கள் உண்டு. பயம் தெளியாது, அப்பாமேல் இருந்த நம்பிக்கைதான் போகும். ஏணிபோலப் படிப்படியாகப் போக வேண்டும். படிகளைப் பிள்ளையே சொல்லட்டும்: மொட்டை மாடியிலிருந்து கடலைப் பார்ப்பது, கரைச் சாலைவரை நடப்பது, காய்ந்த மணலில் உட்கார்வது, ஈர மணலில் நிற்பது, காலை நனைப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஆறு என்றால் அங்கேயே, கையைப் பிடித்துக்கொண்டு, மூன்றாகக் குறையும்வரை இருங்கள். இருபது நிமிடம் ஆகலாம், நாற்பதும் ஆகலாம். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: பயம் எட்டில் இருக்கும்போது பாவம் என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறோம். ஓடியதால்தான் தப்பினோம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அதனால் தாங்கக்கூடிய சின்னப் படியில் தொடங்குங்கள். ஒரே படியை மூன்று நான்கு நாள் செய்தபின் அடுத்தது. வானிலை எச்சரிக்கை உள்ள நாளில் வேண்டாம். அன்றைய பயம் நியாயமான பயம்.

மழைக்கும் இதே வழிதான், கூடவே பொறுப்பும் கொடுக்கலாம். டார்ச், ரேஷன் கார்டு, சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில், மருந்து இவற்றை ஒரு பையில் அடுக்குவது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். அன்று ஒன்றும் செய்ய முடியாமல் நின்றதுதான் ஆழமான காயம். இந்தத் தடவை செய்ய ஒன்று இருக்கிறது.

ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, திடுக்கிடல், ஒதுங்கிப் போவது குறையவில்லை என்றால் மனநல நிபுணரிடம் போக வேண்டும். வளரிளம் பிள்ளைகளிடம் அது சோகமாகத் தெரியாமல் கோபமாக, வண்டி வேகமாக, குடியாகத் தெரியலாம். சாகணும் என்ற பேச்சு வந்தால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416, சிறார் உதவி எண் 1098. இலங்கையில் மனநல உதவி எண் 1926, சிறார் உதவி எண் 1929.

நல்ல சிகிச்சையை எப்படி அறிவது? முதல் நாளே கதையைக் கேட்க மாட்டார்கள். முதலில் உடம்பை அமைதிப்படுத்தக் கற்றுக்கொடுப்பார்கள், பெற்றோரையும் உள்ளே சேர்ப்பார்கள். சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் தலா ஆறு அமர்வு நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லும் முறை, மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 விழுக்காடும் அடுத்ததில் 71 விழுக்காடும் தேறியிருந்தார்கள். சிகிச்சையே பெறாத குழு ஒன்று அதில் இல்லை, அதனால் தானாகத் தேறியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து இதைச் செய்ய முடியும் என்பது தெரிந்தது.

அந்தக் கதை சொல்லும் முறையில் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். பிறந்த நாளிலிருந்து தொடங்கி, நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். சுனாமி ஒரு கல். அதற்கு முன்னும் பூ இருக்கும், பின்னும் இருக்கும். கயிறு முழுவதையும் விரிக்க மாட்டார்கள். மிச்சத்தைச் சுருளாகவே விட்டுவைப்பார்கள், அது இனி வரப்போகும் வயதுகளுக்கு.