ஹல்திக்கு மஞ்சள் உடுப்பு, ஜெய்ப்பூரில், இரண்டாயிரம் ரூபாய்க்குள்

வடக்கே கல்யாணத்துக்கு முன் மஞ்சள் பூசும் சடங்கான ஹல்திக்கென்று நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து லெஹங்கா வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மொத்தமே இரண்டு மணி நேரக் கூத்து. முதல் பத்து நிமிடம் போட்டோ. அப்புறம் மஞ்சளும் கடலை மாவும் கடுகெண்ணெயும் குழைத்து வைத்த விழுதை யார் கன்னத்தில் யார் அப்புவது என்று ஒரே ரகளை. அந்த விழுது கண்ணாடி வேலைப்பாட்டின் இடுக்கில் புகுந்து காய்ந்துவிட்டால் லெஹங்கா அடுத்த கல்யாணத்துக்கு உதவாது. ஜெய்ப்பூர் போய் வந்த சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எங்கே வாங்கலாம், என்ன விலை, எப்படித் துவைப்பது என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த பஸ்ஸைத் திட்டாமல் மேலே போக முடியாது.

அதற்கு முன் இரண்டு வரி. கல்யாணம் என் ஆபீஸ் தோழிக்கு. ஜெய்ப்பூர்க்காரி. வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு நிறம் போட்டிருந்தது. மெஹந்திக்குப் பச்சை, ஹல்திக்கு மஞ்சள். பெங்களூர்க் கடைகளில் 'ஹல்தி கலெக்‌ஷன்' என்று தனியாகவே தொங்கவிட்டிருக்கிறார்கள். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் 3,800. திருச்சிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "நலங்குக்குப் பழைய காட்டன் சேலையத்தானடி கட்டுவோம்? மஞ்சள் பூசிக்கப் போற இடத்துக்குப் புதுத் துணியா? காசு என்ன மரத்துலயா காய்க்குது?" அம்மா சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டேன். புதுத் துணிதான், ஆனால் அப்புறமும் போடக்கூடியதாக இருக்க வேண்டும், அந்த ஊர்ச் சரக்காக இருக்க வேண்டும், வளையல் உட்பட எல்லாம் சேர்த்து 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. என்னோடு வந்தது எங்கள் டீமில் மூத்தவரான ஓர் அக்கா. பேரத்தில் புலி. அவர் வராமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே வேறு.

சரி, பஸ். டெல்லி வரை விமானம் மலிவாகக் கிடைத்ததால் அங்கிருந்து ஜெய்ப்பூருக்கு ராத்திரி ஸ்லீப்பர் பஸ் பிடித்தோம். சுமார் 280 கிலோமீட்டர், விடியும்போது இறங்கிவிடலாம் என்ற கணக்கு. படுக்கையில் கொடுத்த போர்வையை அக்கா மூக்கருகே கொண்டுபோய்விட்டு அப்படியே காலடியில் தள்ளிவிட்டார். ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னால் அடியோடு நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டியது. நடு ராத்திரி ஒரு தாபாவில் நிறுத்தினார்கள். டிரைவர் சாவகாசமாக ரொட்டி சாப்பிட்டு முடிக்கிற வரை எல்லோரும் குளிரில் நின்றோம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஊருக்கு வெளியே பைபாஸில் நிறுத்தி, "ஜெய்ப்பூர், ஜெய்ப்பூர், இறங்குங்க" என்று பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். டிக்கெட்டில் போட்டிருப்பது சிந்தி கேம்ப் பஸ் நிலையம். கேட்டால், உள்ளே போனால் டிராபிக்காம். அதிகாலை ஐந்து மணிக்கு என்ன டிராபிக்? அங்கே தயாராக நின்ற ஆட்டோக்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அரசு போக்குவரத்துக் கழகப் பஸ் சிந்தி கேம்ப் நிலையத்துக்கே போகும். அதில் போங்கள்.

குளித்துவிட்டு ஜோஹரி பஜாருக்கு ஆட்டோ பிடித்தோம். நூறு ரூபாய் பேசி ஏறினோம். பாதி வழியில் அந்த ஆள், "இன்னிக்கு ஜோஹரி பஜார் லீவு தீதி, பாக்டரி விலைக்குத் துணி கிடைக்கிற இடம் தெரியும்" என்றார். அன்று வியாழக்கிழமை. அந்தப் பக்கம் ஞாயிறுதான் பெரும்பாலும் அடைப்பு என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வண்டி ஒரு பெரிய ஷோரூம் வாசலில் போய் நின்றது. வாசலில் ஒருவர் மர அச்சை வைத்து 'டக் டக்' என்று துணியில் குத்திக் காட்டுகிறார். பார்த்து முடித்ததும் மாடிக்கு அழைத்துப்போய் டீ கொடுத்து லெஹங்காவாக எடுத்துப் போடுகிறார்கள். ஒரு மஞ்சள் ஜார்ஜெட், 4,500 ரூபாய், 'முழுக்கக் கைவேலை'. அக்கா பாவாடையின் உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்; வரிசை பிசகாத மிஷின் தையல். டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டோம். நாங்கள் வாங்கினால் கிடைத்திருக்கும் கமிஷன் போன கடுப்பில் ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டு நூற்றைம்பது கொடுத்தோம். அந்த ஐம்பது ரூபாய் இன்னும் உறுத்துகிறது.

இதற்கெல்லாம் மெட்ரோ எவ்வளவோ மேல். மான்சரோவரில் கிளம்பும் லைன் 2020லிருந்து பழைய நகரத்துக்குள் படி சௌப்பர் வரை வருகிறது. சிந்தி கேம்ப்பிலும் நிற்கும். படி சௌப்பரில் படியேறி வெளியே வந்தால் ஒரு பக்கம் ஜோஹரி பஜார், இன்னொரு பக்கம் திரிபோலியா பஜார், நாலு எட்டு வைத்தால் ஹவா மஹால். ஆட்டோ கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஹவா மஹாலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கடந்தோம். 1799ல் கட்டியது, எங்கும் ஓடிவிடாது. கடைகள் ராத்திரி மூடிவிடும்.

இந்தப் பழைய நகரத்தை 1727ல் இரண்டாம் ஜெய்சிங் ராஜா கோடு போட்ட மாதிரி நேர்த் தெருக்களாகத் திட்டமிட்டுக் கட்டினார். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சந்து என்று அன்று அமைந்தது இன்றைக்கும் துணி வாங்குகிறவர்களுக்கு வசதிதான். கல்யாணத் துணிக்கு ஒரு சந்துக் கூட்டமே இருக்கிறது, புரோஹித்ஜி கா கட்லா என்று பெயர். படி சௌப்பர் பக்கத்திலேயே. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஒதுங்க வேண்டும், அவ்வளவு குறுகல். செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை விரிப்பில் ஏறி உட்கார்ந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அங்கே எனக்கு ஒரு மஞ்சள் பாந்தினி ஓட்னி, அதாவது முடிச்சுச் சாயப் புள்ளி போட்ட முக்காட்டுத் துணி, பிடித்துப்போயிற்று. நடுவில் பெரிய சிவப்பு வட்டம், சுற்றிலும் சிவப்புக் கரை. எடுத்துத் தோளில் போட்டதும் கடைக்காரர் என்னைப் பார்த்து, "குழந்தை பிறந்திருக்கா பஹன்ஜி?" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விசாரித்தால், அது பீலா. குழந்தை பெற்ற பெண்ணுக்குத் தாய் வீட்டிலிருந்து கொடுக்கும் ஓட்னி. ராஜஸ்தானில் பார்த்தவுடனே புரிந்துகொள்வார்களாம். ஹல்தியில் நான் அதைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தால் மணமகளின் அத்தைகள் எல்லாம் வந்து வாழ்த்தியிருப்பார்கள். விற்றால் போதும் என்று நினைக்காமல் சொன்னாரே, அந்த மனிதருக்காகவே அவர் கடையில் துப்பட்டா வாங்கினேன். சிவப்பு வட்டம் இல்லாத, வெறும் மஞ்சளில் வெள்ளைப் புள்ளி. 350 ரூபாய்.

பாந்தினியில் ஏமாற்று அதிகம். பிரிண்ட் போட்டுவிட்டு முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது என்பார்கள். அசலில் ஒவ்வொரு புள்ளியும் நகத்தால் கிள்ளி நூல் சுற்றிக் கட்டியது என்பதால் துணி அந்த இடத்தில் குட்டியாகக் கூம்பி நிற்கும். விரலால் தடவினால் சொரசொரவென்று தெரியும். புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது. பிரிண்ட் வழவழவென்று இருக்கும், பின்பக்கம் வெளிறியிருக்கும். சில கடைகளில் முடிச்சை அவிழ்க்காமலே வைத்திருப்பார்கள், நம் கண்ணெதிரில் இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார்கள்; படபடவென்று முடிச்சுகள் தெறித்துத் துணி விரியும். பார்க்கவே அமர்க்களம். ஆனால் அது விலை அதிகம், ஹல்திக்கு வேண்டாம். ஹல்திக்குப் பிரிண்டே போதும் என்பதுதான் என் கட்சி. என்னுடையதும் பிரிண்ட்தான், தெரிந்தே வாங்கினேன்.

அங்கிருந்து பாபு பஜார். குர்தாவுக்கு இதுதான் இடம். ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரின் அச்சுப் பூப்போட்ட காட்டன் குர்தாக்கள் கூரையிலிருந்து தரை வரை தொங்குகின்றன. எலுமிச்சை மஞ்சளை எடுக்காதீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் விழுது பட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுக்கும். நல்ல சாமந்தி மஞ்சள் அல்லது கடுகு மஞ்சள், அதிலும் பூப்போட்டது என்றால் கறை எது டிசைன் எது என்று தெரியாது. மெல்லிய மல் காட்டன் வேண்டாம். இந்த விழுதை அப்பி முடித்ததும் வாளித் தண்ணீரோடு வருவார்கள். நனைந்தால் எல்லாம் தெரியும். கைக்குட்டையை நனைத்துத் துணியில் ஓர் ஓரமாகத் தேய்த்துப் பார்ப்பதும் நல்லது. சாயம் ஒட்டினால் அது வேறு தலைவலி.

கடைக்காரர் 1,400 சொன்னார். அக்கா 400 என்றார். எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. கடைக்காரர் தன் நெஞ்சில் கை வைத்து அடக்க விலையே அதற்கு மேல் என்றார். அக்கா எழுந்து, "வாம்மா, பக்கத்துக் கடையில பார்த்தோமே" என்று தமிழில் என்னிடம் சொல்லிக்கொண்டே நடந்தார். பக்கத்துக் கடையில் நாங்கள் எதையுமே பார்க்கவில்லை. மூன்றாவது கடை வாசல் வரை அந்தக் கடைப் பையன் ஓடிவந்து 600க்குக் கொடுத்தான். வெள்ளைக் காட்டன் பலாஸோ பேண்ட் 250. இந்தத் தெருவில் முதலில் சொல்லும் விலையில் பாதிக்கு மேல் யாராவது கொடுத்தால் அது தர்மம் செய்கிற கணக்கு.

பசி கண்ணை அடைத்தது. ஸ்டேஷன் ரோட்டில் ராவத் மிஷ்டான் பண்டாரில் வெங்காயக் கச்சோரி சாப்பிடாமல் ஜெய்ப்பூரை விட்டு வரக் கூடாது என்று தோழியின் கட்டளை. எண்ணெயிலிருந்து வந்த சூட்டோடு தருகிறார்கள். உடைத்தால் மேல்தோல் அடுக்கடுக்காக நொறுங்கி, உள்ளிருந்து வெங்காயமும் மசாலாவும் பெருஞ்சீரக வாசனையோடு ஆவி விடுகிறது. ஒன்று தின்றால் ஒரு வேளைச் சாப்பாடு. நான் இரண்டு தின்றேன். பட்ஜெட்டில் உணவை ஏன் சேர்க்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

வளையலுக்குத் திரிபோலியா பஜாரை ஒட்டிய மணிஹாரோன் கா ராஸ்தா. அரக்கு வளையல் சந்து. கரி அடுப்பில் அரக்குக் கட்டியைக் காட்டி இளக்கி, மர அச்சால் உருட்டி நீட்டி, மேலே வண்ண அரக்கை இழுத்துவிட்டு, வளைத்து முனைகளை ஒட்டுகிறார்கள். அப்புறம் கூம்பு வடிவக் கட்டையில் மாட்டி நம் கை அளவுக்குச் சரிசெய்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக அமுக்கி வைத்தார் அந்த அம்மாள்; விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்ச்சிப் போயிருந்தது. ஜோடி 200. அங்கே மட்டும் அக்கா பேரம் பேசவில்லை. என் கையில் மொத்தக் கணக்கு 1,400 ரூபாய்.

ஹல்தி அன்று காலை மொட்டைமாடியில் பிப்ரவரிக் குளிர். கையில்லாத மஞ்சள் ரவிக்கையும் லெஹங்காவுமாக வந்த பெண்கள் பல் கிட்டித்து நின்றார்கள். நான் முழுக்கைக் காட்டனில் தெம்பாக இருந்தேன். தரையெல்லாம் எண்ணெய்ப் பசை. தோல் மோஜரிச் செருப்பு போட்டு வந்த ஒரு மாமா வழுக்கி, அதுவும் பாழ், வேட்டியும் பாழ். வெறுங்கால்தான் சரி. ஆண்கள் பாபு பஜாரிலேயே மஞ்சள் காட்டன் குர்தா ஒன்று வாங்கிப் பழைய பேண்ட்டோடு போனால் போதும். வெள்ளைப் பைஜாமா போட்ட மாப்பிள்ளைத் தோழர்களின் கதியைப் பார்த்தேன்.

துவைப்பது இப்படித்தான்: எடுத்த எடுப்பில் சோப்பு போடாதீர்கள். மஞ்சள் மேல் சோப்பு பட்டால் சிவந்து பழுப்பாகிப் பயமுறுத்தும். பச்சைத் தண்ணீரில் அலசி விழுதை உதறிவிட்டு, அப்புறம் துவைத்து, நல்ல வெயிலில் போடுங்கள். மஞ்சள் கறை வெயிலுக்குத்தான் பயப்படும். நாலு வெயில் பட்டால் வெளுத்துக்கொண்டே வரும். ஜார்ஜெட்காரர்களுக்கு ஓர் ஆறுதல், பாலியெஸ்டர் ஜார்ஜெட்டில் மஞ்சள் அவ்வளவாக ஏறாது. ஆனால் கடுகெண்ணெய் வாடை லேசில் விடாது.

ஆனால் ஹோட்டல் துண்டு? குளித்து முடித்து அக்கா தலை துவட்டிய வெள்ளைத் துண்டு மஞ்சளாகிவிட்டது. அறையைக் காலி செய்யும்போது பில்லில் 'கறை படிந்த துண்டு, 400 ரூபாய்' என்று தனியாக ஒரு வரி. வளையலைப் போல இரண்டு மடங்கு. துவைத்தால் போய்விடும் என்று நான் வெயில் விஞ்ஞானமெல்லாம் சொல்லிப் பார்த்தேன், அக்கா 100ல் ஆரம்பித்தார். இந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. அச்சடித்த விலைப் பட்டியலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார்கள். ஹல்திக்குப் போகிறவர்கள் பெட்டியில் ஓர் ஈரிழைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள், காவி நிறமாகப் பார்த்து.